அச்சறைக்குள் பேசிய பெண்

கம்ப்யூட்டர் காட்டுகிற அறிவிப்பைக் கடைசி வரை படித்து முன்னேறிய மனிதன் இந்தப் பூமியில் இதுவரை பிறக்கவில்லை.

இதைச் சொன்னவர் நிபுணர். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. காலை நேரப் பேருந்தில், பக்கத்து இருக்கையில் இருந்த முன்பின் தெரியாத பெரியவர் ஒருவரிடம், நாட்டு நலனை மனத்தில் கொண்டு சொன்னார். பெரியவர் செய்த குற்றம் ஒன்றுதான். தன் கைபேசியில் வந்த ஏதோ ஓர் அறிவிப்பை, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, எழுத்து எழுத்தாகப் படித்துக்கொண்டிருந்தார்.

"எத்தனை வரி படிச்சிருக்கீங்க?"

"நாலு."

"இன்னும் எத்தனை இருக்கு?"

"தெரியல தம்பி. கீழ போயிட்டே இருக்கு."

"போயிட்டேதான் இருக்கும். அதை எழுதினவனே படிச்சிருக்க மாட்டான். அதுல நமக்கு வேண்டியது ஒரே வார்த்தை. ஓகே. மத்ததெல்லாம் வக்கீல் வயித்துப் பிழைப்புக்கு எழுதினது."

செய்முறை இல்லாத தத்துவம் எடுபடாது என்பதால் தன் கைபேசியையும் எடுத்தார். அவருடைய நல்ல நேரம், அதிலும் ஒரு பெட்டி வந்து நின்றது. ஓகே. இன்னொன்று வந்தது. ஓகே. மூன்றாவதாகவும் ஒன்று வந்தது. ஓகே.

"பாத்தீங்களா? ஏதாவது ஆச்சா?"

பெரியவர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை. மரங்கள் வழக்கம்போலப் பின்னால் போய்க்கொண்டிருந்தன.

நிபுணருக்கு வயது இருபத்தாறு. கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தார். 'நிபுணர்' என்ற பட்டத்தை அவருக்கு யாரும் தரவில்லை. கடைக்குப் பலகை எழுதியபோது ஓரத்தில் கொஞ்சம் இடம் மிஞ்சியது. அதில் அவரே போட்டுக்கொண்டார். தன் தங்கை படிக்கும் பள்ளியின் கணினியை மட்டும் இரண்டு வருடமாக இலவசமாகப் பார்த்துக்கொண்டார். கூப்பிட்டால் ஓடிவருவார். பல நாள் ஓடிவருவதும் இல்லை. படுத்த படுக்கையிலேயே, கைபேசி வழியாகப் பள்ளிக் கணினிக்குள் நுழைந்து கோளாறைத் தீர்த்துவிட்டுப் புரண்டு படுத்துக்கொள்வார். பள்ளியில் எல்லோரும் அவருக்கு நன்றி சொல்வார்கள். அவரும் துளி கூச்சமில்லாமல் வாங்கிக்கொள்வார்.

காலை 11.40.

அது பார்வையற்ற பிள்ளைகள் படிக்கும் பள்ளி. அச்சறையில் ஒரு மேசை, ஒரு கணினி, பக்கத்தில் கன்றுக்குட்டி பருமனுக்கு ஒரு பிரெயில் அச்சுப்பொறி. கணினியில் இருப்பதை அது காகிதத்தில் புள்ளி புள்ளியாகக் குத்தித் தள்ளும். பிள்ளைகள் விரலால் தடவிப் படிப்பார்கள். இரண்டுக்கும் நடுவே தூது போவது ஒரு சின்ன இணைப்பு மென்பொருள். அது இல்லாவிட்டால் கணினியும் இயந்திரமும் சண்டை போட்ட சம்பந்திகள் மாதிரி ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கும்.

அந்த அறை பிழைதிருத்தும் பெண்மணியின் ஆட்சியில் இருந்தது. அவருக்கும் பார்வை கிடையாது. அச்சாகி வரும் ஒவ்வொரு பக்கத்தையும் விரலால் படிப்பார்; ஒரு புள்ளி இடம் மாறியிருந்தாலும் பக்கத்தைக் கிழித்துவிடுவார். பள்ளியில் எல்லோருக்கும் அவர் அக்கா. அவரைவிட நாலு வயது மூத்த தலைமையாசிரியைக்கும் அக்காதான்.

அன்று காலை எட்டரைக்கு ஒரு சோதனைப் பக்கம் அடித்துப் பார்த்தார். சரியாக வந்தது. எந்நேரமும் காதில் இருக்கும் ஹெட்போனைக் கழற்றிப் பைக்குள் போட்டார். விசைப்பலகையையும் மவுசையும் மூன்றாக மடித்த துணியால் போர்த்தினார். அறையைப் பூட்டி, சாவியைக் கழுத்துக் கயிற்றில் மாட்டிக்கொண்டு, சின்னப் பிள்ளைகளுக்கு வாசிப்பு வகுப்பெடுக்கப் போனார்.

இப்போது திரும்பி வந்து பூட்டைத் திறந்தார். துணி மூன்று மடிப்போடு வைத்தது வைத்தபடி இருந்தது. அதை எடுத்துவிட்டு ஒரு விசையைத் தட்டினார்.

"வருக," என்றது ஓர் ஆண் குரல், குழந்தைக்குச் சோறூட்டுகிற நிதானத்தில். "உங்கள் கணினி புதுப்பொலிவு பெற்றுள்ளது."

"நீ யாருப்பா?" என்றார் அக்கா.

திரையில் இருப்பதைக் கணினி வாய்விட்டுப் படிப்பதால்தான் அவரால் அதில் வேலை செய்ய முடிகிறது. ஆனால் இந்த ஆளின் குரலை அவர் இதற்கு முன் கேட்டதே இல்லை. அச்சடிக்கச் சொல்லிப் பார்த்தார். இயந்திரம் அசையவில்லை. மறுபடி சொன்னார். ஊஹூம். இணைப்பு மென்பொருளைத் தேடினார்.

இருந்த இடத்தில் அது இல்லை.

பகல் 12.20.

நிபுணர் வந்தார். திரையில் ஏதோ நீளமான அறிக்கை நின்றது. அந்த ஆண் குரல் அதைப் படிக்க வாயெடுத்தது. நிபுணர் ஓகே அழுத்தி இரண்டையும் அப்புறப்படுத்திவிட்டுக் கைகளைத் தேய்த்துக்கொண்டார்.

"பத்தே நிமிஷம்க்கா."

பத்து நிமிடம் போனது. அதற்குத் துணையாக இன்னொரு பத்து நிமிடமும் போனது.

"ஆபரேட்டிங் சிஸ்டம் மாறியிருக்குக்கா. பழசு போய் புதுசு ஏறியிருக்கு. நம்ம இணைப்பு சாஃப்ட்வேர் பழைய காலத்து ஆளு, புதுசோட ஒத்துப்போகல. அதனால அதைத் தூக்கி வெளிய போட்டுடுச்சு."

"தானாவே மாறிடுமா தம்பி?"

"மாறாது. மாத்தலாமான்னு கேட்கும். இன்னின்னது போயிடும், பரவாயில்லையான்னும் கேட்கும். ஓகே சொன்னாத்தான் நடக்கும். யாரோ சொல்லியிருக்காங்க." நிபுணருக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. "எவனோ பொறுப்பில்லாத பய."

புதிய கணினிக்கேற்ற இணைப்பு மென்பொருள் ஒன்றை வலையில் தேடி இறக்கினார். நிறுவினார். 'கருவி காணப்படவில்லை' என்றது. மறுபடி நிறுவினார். காணப்படவில்லை. மூன்றாம் முறை. கன்றுக்குட்டி பருமனுள்ள ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு காணப்படவில்லை என்று சாதித்தது.

கதவருகே தலைமையாசிரியை வந்து நின்றார். கையில் முத்திரை வைத்த உறை. உள்ளே ஒரு பென் டிரைவ். மறுநாள் நடக்கும் கணிதத் தேர்வின் கேள்வித்தாள் அதில் இருந்தது. பதினோரு பிள்ளைகளுக்குப் பதினோரு படிகள் இங்கேதான் அச்சாக வேண்டும். நாலு மணிக்குத் தேர்வு அலுவலக வண்டி வந்துவிடும்.

"அச்சாகலேன்னா, யாராவது பக்கத்துல உட்கார்ந்து கேள்வியைப் படிச்சுக் காட்டுவாங்க. வேற வழியில்ல," என்றார்.

"எனக்கு வேண்டாம் மேடம்."

அவருக்குப் பின்னால் நிபுணரின் தங்கை நின்றிருந்தாள். அந்தப் பதினோரு பேரில் ஒருத்தி.

"போன தடவை படிச்சுக் காட்டினாங்கண்ணா. 'எக்ஸ் கூட்டல் மூணு, கீழ ரெண்டு'ன்னாங்க. ரெண்டு எதுக்குக் கீழ, மூணுக்கு மட்டுமா, மொத்தத்துக்குமான்னு கேட்டேன். அதை நான் சொல்லக்கூடாதும்மான்னுட்டாங்க. கணக்கு தெரிஞ்சும் விட்டுட்டு வந்தேன். எனக்கு யாரும் படிச்சுக் காட்ட வேண்டாம். விரல் இருக்கு."

"ஆயிடும்டி. அண்ணன் இருக்கேன்ல?"

"நீ இருக்கேன்னுதான் இவ்வளவு நேரம் பயப்படாம இருந்தேன்," என்றாள் தங்கை. இருபது நிமிடத்தில் கடவுளாக இருந்து மனிதனாக இறங்குவது எப்படி இருக்கும் என்று நிபுணருக்கு அப்போது தெரிந்தது.

தலைமையாசிரியை உறையை மார்போடு அணைத்துக்கொண்டார். "அதுக்கும் முன்னாடி ஒரு விஷயம் இருக்கு. பூட்டின அறைக்குள்ள யாரோ வந்திருக்காங்க. வேத்தாள் வந்துபோன அறையில கேள்வித்தாளை அச்சடிக்கக் கூடாது. விதி. வந்தது யாருன்னு தெரியாம நான் இந்த உறையைப் பிரிக்க மாட்டேன்."

"இன்னொரு சாவி யார்கிட்ட இருக்கு?" என்றார் நிபுணர்.

பகல் 12.55.

இன்னொரு சாவி பாட்டு வாத்தியாரிடம் இருந்தது. அவருடைய வயலின் இரவில் அந்த அறையில்தான் தூங்கும். வயலினை அணைத்தபடியே விசாரணைக்கு வந்தார். கேள்வி கேட்கும் பொறுப்பை நிபுணர் தானாகவே எடுத்துக்கொண்டார்.

"காலையில உள்ள போனீங்களா சார்?"

"போனேன்."

"எத்தனை மணிக்கு?"

"எட்டு. அக்கா வர்றதுக்கு முன்னாடி. வயலினை எடுத்துட்டு வந்துட்டேன்."

"கம்ப்யூட்டரைத் தொட்டீங்களா?"

"எனக்கு அதைத் திறக்கவே தெரியாது."

"இந்த அறையால உங்க வகுப்பு கெடுதுன்னு போன மாசம் புகார் சொன்னது யாரு?"

"நான்தான். அந்த பிரிண்டர் சத்தத்தைச் சொன்னேன்."

"அப்ப பிரிண்டர் ஓடலேன்னா உங்களுக்கு நிம்மதிதானே?"

வாத்தியார் சாவியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அதைச் சத்தமில்லாமல் வைத்தார். அதுதான் கேட்கச் சங்கடமாக இருந்தது.

அந்த நேரம் பார்த்து ஜன்னலுக்கு வெளியே இருந்து தோட்டக்காரர் தலையை நீட்டினார்.

"டீச்சரம்மா, சொல்லலாமா வேண்டாமான்னு இருந்தேன். காலையில இந்த அறைக்குள்ள ஒரு பொம்பளை பேசினாங்க."

எல்லோரும் பாட்டு வாத்தியாரைப் பார்த்தார்கள்.

"ஐயோ, என் சம்சாரமே என்கிட்ட பேசுறதில்ல," என்றார் வாத்தியார். "எவ வந்து பூட்டின அறையில என்கிட்ட பேசப்போறா?"

"கொஞ்சம் இருங்க," என்றார் அக்கா. அதுவரை சுவரோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தவர் இப்போது ஜன்னல் பக்கம் நகர்ந்தார். "அண்ணே, அது எத்தனை மணி?"

"ஒன்பது மணி பெல் அடிச்சு, ஒரு வாளித் தண்ணி ஊத்தி முடிச்ச நேரம்."

"என்ன பேசினா?"

"ஒண்ணும் புரியலக்கா. தகரத்துல அரிசி கொட்டின மாதிரி ஒரே படபட."

"முழுசா பேசி முடிச்சாளா?"

"அதான் வேடிக்கை. ஆரம்பிச்சா, டக்குனு நின்னுபோச்சு. மறுபடி ஆரம்பிச்சா, மறுபடி நின்னுபோச்சு. மூணு தடவை. எதிர்ல இருந்தவன் அவளைப் பேசவே விடல போல. பாவம், யார் பெத்த பொண்ணோ."

"வேற சத்தம்? காலடி? நாற்காலி?"

"இல்ல."

"தம்பி, எந்திரிச்சு மறுபடி உட்காருங்க."

நிபுணர் எழுந்து உட்கார்ந்தார். நாற்காலி கிறீச்சென்று அலறியது.

"இது கேட்டுச்சாண்ணே?"

"இது கேட்டிருந்தா செடியே வாடியிருக்குமே."

அக்கா லேசாகச் சிரித்தார். "தம்பி, இந்தச் சோறூட்டுற ஆளை அனுப்பிட்டு, என்னோட பழைய குரலைப் போடுங்க. வேகத்தை முழுசா ஏத்துங்க."

நிபுணர் அமைப்பை மாற்றினார். ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்ததும் ஒலிபெருக்கியிலிருந்து ஒரு பெண் படபடவென்று கொட்டத் தொடங்கினாள்.

"இவதான்!" தோட்டக்காரர் வாளியைக் கீழே போட்டார். "இந்தப் பொம்பளைதான்!"

தலைமையாசிரியை கணினியை உற்றுப் பார்த்தார். "இது பேசும்னு தெரியும். இவ்வளவு வேகமாவா அக்கா?"

"உங்க கண்ணு ஓடுற வேகத்துக்கு என் காது ஓட வேண்டாமா மேடம்? நான் எப்பவும் ஹெட்போன்ல கேட்பேன். அதனால வெளிய யாருக்கும் இவளைத் தெரியாது. இன்னைக்குக் காலையில ஹெட்போன் என் பையில இருந்துச்சு. பெட்டி வந்ததும் இவ ஊருக்கே கேட்கிற மாதிரி படிச்சிருக்கா."

பகல் 1.10.

"இந்த அறைக்குள்ள யாரும் வரல," என்றார் அக்கா. "நாற்காலி கத்தல. துணி மடிப்பு கலையல. அதுக்கு அடியில இருந்த கீபோர்டையும் மவுசையும் யாரும் தொடல. ஆனா ஓகே மட்டும் விழுந்திருக்கு. அப்ப அது வெளியில இருந்து வந்திருக்கு."

"வெளியில இருந்து வரணும்னா அதுக்குன்னு தனி சாஃப்ட்வேர் வேணும்க்கா," என்றார் நிபுணர் உற்சாகமாக. "அது யார்கிட்ட இருக்கும்னு பார்த்தா..."

அந்த வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை.

"அதைவிட முக்கியம், அவ பாதியில நின்னது," அக்கா தொடர்ந்தார். "அந்த மாதிரிப் பெட்டியை முழுசா படிக்க என் வேகத்துலயே பத்துப் பன்னிரண்டு விநாடி ஆகும். தோட்டக்கார அண்ணன் சொல்றதைப் பார்த்தா, அவ பேசினது ரெண்டு விநாடிதான் இருக்கும். கெடுக்கணும்னு வந்தவன், எதுக்கு ஓகே சொல்றோம்னு பார்த்துட்டுத்தான் சொல்வான். கம்ப்யூட்டர் தெரியாதவன் பயந்து பயந்து படிப்பான். ரெண்டு விநாடியில ஓகே போடுறவன் கெட்டவனும் இல்ல, தெரியாதவனும் இல்ல மேடம். ரொம்பத் தெரிஞ்சவன்."

வெளியே உருண்ட வாளி மட்டும் நிற்கலாமா வேண்டாமா என்று ஆடிக்கொண்டிருந்தது.

"தம்பி, நேத்து சாயங்காலம் போன்ல இருந்தே எனக்கு ஒரு எழுத்துரு போட்டுக் கொடுத்தீங்க. வேலை முடிஞ்சதும் இணைப்பைத் துண்டிச்சீங்களா?"

நிபுணர் கைபேசியை எடுத்தார். பள்ளிக் கணினிக்குள் நுழையும் செயலியைத் திறந்தார். அவர் முகத்தில் இருந்த கடைப் பலகை மெல்லக் கழன்றது.

"என்ன போட்டிருக்கு? சத்தமா படிங்க."

"இணைப்பு தொடக்கம், நேற்று மாலை ஐந்து நாற்பது." நிபுணர் அடுத்த வரிக்குப் போனார். "முடிவு, இன்று காலை ஒன்பது ஒன்பது."

"ஒன்பது மணிக்கு எங்க இருந்தீங்க?"

"பஸ்ஸுலக்கா." ஒன்றும் ஆகவில்லையே என்று ஒரு பெரியவருக்குக் காட்டிய மரங்கள் எல்லாம் அவர் கண்முன்னால் வரிசையாக வந்து நின்றன. "இங்க வந்த பெட்டி என் போன்லயும் வந்துச்சு. என் போனோடதுன்னு நெனச்சேன். நெனக்கக்கூட இல்ல. அழுத்திட்டேன். நான்தான் மேடம்."

பிறகு பாட்டு வாத்தியார் பக்கம் திரும்பினார். சாவியை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார்.

"என்னை மன்னிச்சிடுங்க சார். வாய்க்கு வந்ததைப் பேசிட்டேன்."

வாத்தியார் சாவியை வாங்கிக்கொண்டார். "பரவாயில்ல தம்பி. அக்காவுக்குத்தான் நன்றி. இல்லேன்னா இந்த வயசுல எனக்கு ஒரு ரகசிய சிநேகிதி கிடைச்சிருப்பா. வீட்டுல சொன்னா நம்பியும் தொலைச்சிருப்பாங்க."

தலைமையாசிரியை மூச்சை இழுத்தார். அது நீளமாக வெளியே வரப்போகிறது என்பது எல்லோருக்கும் தெரிந்தது.

"மேடம், திட்டுறதை நாலு மணிக்கு மேல வெச்சுக்கலாம்," என்றார் அக்கா. "கேள்வித்தாள் இன்னும் உங்க கையிலதான் இருக்கு, கம்ப்யூட்டர்ல ஏறல. முதல்ல அந்தப் போன் வழியை உங்க கண்ணெதிரே அடைச்சிடட்டும். நடந்ததை நடந்தபடியே தேர்வு அலுவலகத்துக்குச் சொல்லுங்க."

தலைமையாசிரியை அங்கேயே நின்று போனில் பேசினார். ஒன்றையும் மறைக்கவில்லை. அந்தப் பக்கத்தில் இருந்தவர் இரண்டு தடவை கேட்டுத் தெளிந்துகொண்டு, வழியை அடைத்துவிட்டு அச்சடிக்கலாம் என்றார். நிபுணர் செயலியைக் கணினியிலிருந்தும் கைபேசியிலிருந்தும் நீக்கினார். குற்றவாளி கிடைத்துவிட்டார். இயந்திரம்தான் இன்னும் வாய் திறக்கவில்லை.

பகல் 1.25.

"தம்பி, நீங்க வந்ததும் ஒரு பெட்டியை மூடினீங்க. புது ஆளு ஏதோ சொல்ல வந்தான். என்ன சொல்ல வந்தான்?"

"தெரியலக்கா."

"திரும்ப எடுக்க முடியுமா?"

"முடியும்."

"எடுத்து வாசிங்க. நானும் கேட்கிறேன். முடியுற வரைக்கும்."

நிபுணர் அந்த அறிக்கையைத் தேடி எடுத்தார். முதல் வரியிலிருந்து வாசித்தார். தொழிலுக்கு வந்த ஏழு வருடத்தில் இது முதல் தடவை. இரண்டாவது வரியில் அவசரப்பட்டார். "மெதுவா," என்றார் அக்கா. நீக்கப்பட்ட மென்பொருள்களின் பட்டியல் வந்தது. அதில் மூன்றாவதாக அவர்களுடைய இணைப்பு மென்பொருள். அதன் கீழே, பொடி எழுத்தில் ஒரு குறிப்பு.

"புதிய பதிப்பை நிறுவுவதற்கு முன், கருவியின் கேபிளைக் கணினியிலிருந்து கழற்றிவிடவும். கணினி கேட்கும்போது மட்டுமே மீண்டும் செருகவும். முன்பே செருகியிருந்தால் கருவி..." நிபுணர் நிறுத்தினார்.

"கருவி?"

"காணப்படாது."

மூன்று தடவையும் கேபிள் செருகியேதான் இருந்தது. சொல்வதற்கு எவ்வளவோ இருந்தும் சொல்லாமல் இருந்ததற்காக நிபுணர் அந்த நால்வருக்கும், ஜன்னலுக்கு வெளியே ஒருவருக்கும், மனத்துக்குள் தனித்தனியாக நன்றி சொன்னார்.

அரைகுறையாக ஏறியிருந்ததை நீக்கினார். கேபிளைக் கழற்றினார். நிறுவினார். ஒரு பெட்டி வந்தது. அவர் விரல் பழக்கதோஷத்தில் பாய்ந்தது. தங்கை, "அண்ணா," என்றாள். விரல் திரும்பி வந்தது. வாசித்தார். இப்போது செருகவும் என்றிருந்தது. செருகினார்.

1.52-க்கு இயந்திரம் ஒரு தடவை கனைத்தது. பிறகு கடகடவென்று அடிக்கத் தொடங்கியது. சோதனைப் பக்கம் வெளியே வந்ததும் அக்கா அதை வாங்கி விரலை ஓட்டினார். முதல் வரி, நடு வரி, கடைசி வரி. கிழிக்கவில்லை.

"இந்தச் சத்தத்தையா நான் குறை சொன்னேன்?" என்றார் பாட்டு வாத்தியார். "தாளம் சுத்தமா இருக்கே."

உறையைப் பிரிக்கும் முன் எல்லோரையும் வெளியே அனுப்பினார்கள். நிபுணரையும்தான். தங்கை தேர்வு எழுதும் தாளை அண்ணன் பார்க்கக் கூடாது. அவர் தோட்டக்காரரிடம் போய் இன்னொரு வாளி கேட்டு வாங்கிக்கொண்டார். இரண்டு மணி நேரத்தில் அந்தத் தோட்டம் ஒரு வாரத்துக்கு வேண்டிய தண்ணீரைக் குடித்தது. உள்ளே கடகட நிற்கும்போதெல்லாம் அவருடைய நெஞ்சும் நின்று, அடுத்த தாளுக்கு மறுபடி ஓடியது.

3.50-க்குப் பதினோரு உறைகளும் ஒட்டப்பட்டன. நாலு மணிக்கு வந்த வண்டி நாலு ஐந்துக்குப் போனது.

அக்கா வெளியே வந்தார். "தம்பி, நன்றி."

நிபுணர் சுற்றுமுற்றும் பார்த்தார். "எதுக்குக்கா? கெடுத்ததே நான்தானே."

"ரெண்டு வருஷமா ஓட வெச்சதும் நீங்கதானே? அதுக்குத் தினமும் நன்றி சொல்லிட்டு இன்னைக்கு மட்டும் ஏன் விடணும்? இன்னொண்ணுக்கும் சேர்த்துச் சொல்றேன். போன் உங்க கையில இருந்துச்சு. என்ன போட்டிருக்குன்னு எனக்குத் தெரியாது. 'நேத்தே துண்டிச்சாச்சு'ன்னு நீங்க வாசிச்சிருந்தா, நான் அப்படியே நம்பியிருப்பேன். உள்ளதை வாசிச்சீங்க. நான் நாள் முழுக்க அடுத்தவங்க வாசிக்கிறதை நம்பி வாழ்றவ. எனக்கு அது பெருசு."

நன்றியை வாங்குவதில் நிபுணருக்கு நல்ல பயிற்சி உண்டு. அன்று மட்டும் அதை எந்தக் கையில் வாங்குவது என்று தெரியவில்லை. வாளியைக் கீழே வைத்தார். மறுபடி எடுத்தார்.

"நான்தான்க்கா உங்களுக்குச் சொல்லணும்," என்றார்.

உள்ளே இருந்து தலைமையாசிரியையின் குரல் கேட்டது. "நிபுணரே! மணி நாலு தாண்டிடுச்சு. வாங்க, உங்ககிட்ட கொஞ்சம் பேசணும்."

மறுநாள் காலை 10.15.

தேர்வு மையத்தின் வெளி வராந்தாவில் ஒரு நீள பெஞ்சு. பிள்ளைகளை அழைத்து வந்தவர்கள் அதில் காத்திருந்தார்கள். ஓரத்தில் நிபுணர். பாதி திறந்த கதவு வழியாக உள்ளே அவருடைய தங்கை தெரிந்தாள். பக்கத்தில் படித்துக்காட்ட யாரும் இல்லை. தாளின்மேல் அவளுடைய விரல் இடமிருந்து வலமாகப் போனது. ஓரிடத்தில் நின்றது, கொஞ்சம் பின்னால் வந்தது, மறுபடி போனது. பிறகு பிரெயில் சட்டத்தில் செருகிய விடைத்தாளைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு, ஊசியால் புள்ளி குத்தி எழுத ஆரம்பித்தாள்.

நிபுணரின் கைபேசி அதிர்ந்தது. ஒரு பெட்டி. புதிய பதிப்பு தயாராக இருக்கிறது, விதிமுறைகளை ஏற்கிறீர்களா என்று கேட்டது. கீழே போய்க்கொண்டே இருந்தது.

பக்கத்தில் இருந்த யாரோ ஒரு பிள்ளையின் அப்பா எட்டிப் பார்த்தார். "ஓகே போட்டுட்டுப் போங்க சார். இதையெல்லாம் எவன் படிக்கிறான்?"

"ம்," என்றார் நிபுணர்.

பதினான்காவது பத்தியில் அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது. மேலே போய் ஒன்பதாவது பத்தியை மறுபடி படித்தார்.